செப்டம்பர் 22: ஒரே தேதியில் வந்து விழுந்த போர்கள்

நாட்காட்டி எழுதியது:

‘வரலாற்றில் இன்று’ என்று ஒற்றை வரிகளாகப் போட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். இந்த முறை ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொண்டு ஆற அமரப் பேசலாமே என்று தோன்றியது. செப்டம்பர் 22. கடந்த நூற்றாண்டில் எதிரி எதிர்பார்க்காத நேரத்தில் விழுந்த சில பெரிய முதல் அடிகள் இந்தத் தேதியில் இருக்கின்றன. அடித்தவன் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று. எனக்குச் சுவாரசியமாகப் படுவது அந்த இடைவெளிதான்.

1914இலிருந்து தொடங்குகிறேன். செவ்வாய்க்கிழமை. ஹாலந்துக் கரைக்கு அப்பால் வட கடலில் அபுகிர், ஹோக், கிரெஸ்ஸி என்று மூன்று பிரிட்டிஷ் கவசக் குரூசர்கள் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தன. பழைய கப்பல்கள். ஆட்களில் பெரும்பாலோர் திரும்ப அழைக்கப்பட்ட ரிசர்வ் காரர்கள், குடும்பஸ்தர்கள். அவர்களோடு டார்ட்மத் கடற்படைக் கல்லூரியிலிருந்து நேராகக் கப்பலேற்றிய பதின்ம வயதுப் பையன்கள். பிரிட்டிஷ் கடற்படைக்குள்ளேயே இந்த அணியை ‘உயிருள்ள தூண்டில் இரை’ என்று கிண்டலாகச் சொல்லி வந்தார்கள். அதாவது ஆபத்து தெரியாமல் இல்லை. முந்தைய நாட்களின் மோசமான கடலால் துணைக்கு வர வேண்டிய டெஸ்ட்ராயர்கள் வரவில்லை. மூன்றும் வளைந்து வளைந்து போகாமல் நேர்கோட்டில், சுமார் 10 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தன.

கீழே ஜெர்மனியின் யு-9. மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்த, 500 டன்கூட இல்லாத நீர்மூழ்கி. கேப்டன் ஓட்டோ வெடிகன். காலை 6:20 வாக்கில் அபுகிர் மேல் டார்ப்பிடோ. அபுகிரின் கேப்டன் அதைக் கண்ணிவெடி என்று நினைத்து, மற்ற இரண்டையும் உதவிக்குப் பக்கத்தில் வரச்சொல்லி சிக்னல் கொடுத்தார். ஹோக் வந்து நின்று படகுகளை இறக்கியது, அடி வாங்கியது. ஆட்களை மீட்டுக்கொண்டிருந்த கிரெஸ்ஸியும் அடி வாங்கியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்றும் போய்விட்டன. இறந்தவர்கள் 1,459. பிழைத்தவர்கள் 837.

பிழைத்தவர்களில் வைகம்-மஸ்கிரேவ் என்று 15 வயது மிட்ஷிப்மேன் ஒருவன். அபுகிர் கவிழ்ந்ததும் குதித்து நீந்தி ஹோக்குக்குப் போகிறான், ஏறுகிற நேரத்தில் அது அடிபடுகிறது. அங்கிருந்து கிரெஸ்ஸிக்கு. அதுவும் போய்விடுகிறது. கடைசியில் மிதந்த ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனை டச்சுக்காரர்கள் தூக்கினார்கள்.

இதற்குப் பிறகுதான் பெரிய போர்க்கப்பல்கள் அடிபட்ட சக கப்பலுக்காக நிற்கவே கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை உத்தரவு போட்டது. கல் நெஞ்சு உத்தரவுதான். ஆனால் அன்றைக்கு இரண்டாவது, மூன்றாவது கப்பல்களைக் கொன்றது ஈவிரக்கம் என்பதும் உண்மை.

அதே தேதி ராத்திரி நம்ம ஊர்க் கதை. அதை எழுத இங்கே ஆள் இருக்கிறார்.

பாரிமுனை எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி நாட்காட்டி. ‘எம்டன்’ என்ற சொல் நம் பேச்சில் எப்படி நுழைந்தது என்ற கதையை மட்டும் தயவுசெய்து யாரும் இங்கே ஆரம்பிக்காதீர்கள். ஆயிரம் முறை படித்தாகிவிட்டது.

முதலில் நேரக் கணக்கு. கிரெஸ்ஸி மூழ்கியபோது நம் ஊர் நேரம் பகல் ஒன்றரை மணி சுமார். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது சுடத் தொடங்கியது இரவு 9:30 வாக்கில். நடுவே எட்டு மணி நேரம். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவருக்குத் தெரியவும் தெரியாது.

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் இன்னொன்று தெரியும். அமாவாசை முடிந்து இரண்டு மூன்று நாள்தான். பிறை சீக்கிரமே மறைந்துவிட்டிருக்கும். கடல் கும்மிருட்டு. நவராத்திரி நாட்கள் வேறு, ஊர் முழுக்க விளக்கு. துறைமுகத்திலும் விளக்கு. உயர் நீதிமன்றத்துக் கோபுரத்தின் மேல் அப்போது இயங்கிவந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. வங்காள விரிகுடாவில் 10ஆம் தேதியிலிருந்தே எம்டன் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த சேதியும் வந்துவிட்டிருந்தது. அப்படியிருந்தும் ஊர் விளக்கை அணைக்கவில்லை.

எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். கப்பலுக்கு நிஜத்தில் புகைபோக்கி மூன்று. நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியைக் கட்டி, தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் குரூசர் யார்மத் மாதிரித் தெரியும்படி செய்துவைத்திருந்தார்கள். விளக்கை அணைத்துக்கொண்டு கரையிலிருந்து சுமார் 3,000 கஜத்துக்கு வந்து, தேடு விளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகளைக் குறிவைத்தார்கள். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள். முதல் முப்பது குண்டுகளுக்குள்ளேயே டாங்குகள் தீப்பிடித்துவிட்டன. மொத்தம் சுமார் 130 குண்டுகள். துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலும் அடி வாங்கியது. சில குண்டுகள் ஊருக்குள் வந்தன. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒன்று விழுந்த இடத்தில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் படவில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எம்டன் போய்விட்டது.

இறந்தவர்கள் ஐந்து பேர். காலையில் வட கடலில் 1,459 என்றால் இங்கே ஐந்து. ஆனால் அடுத்த நாட்களில் ரயில் நிலையங்களில் நிற்க இடமில்லை. காலாட்படை இறங்கப்போகிறது, ஜெர்மன்காரன் மறுபடி வரப்போகிறான் என்று வதந்தி. மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். முல்லர் பின்னாளில் சொன்ன காரணமும் அதுதான்: இந்திய மக்களின் கவனத்தை இழுப்பது, வியாபாரத்தைக் குலைப்பது, இங்கிலீஷ்காரன் மதிப்பைக் குறைப்பது. எண்ணெய் டாங்கு அதற்கு வாகான இலக்கு. இரவெல்லாம் எரியும், ஊரெல்லாம் பார்க்கும்.

குமரிக்காரன் எழுதியது:

எல்லாம் சரி, முக்கியமான ஆளை விட்டுவிட்டீர்களே. சுதந்திரப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார், அவர் வழிகாட்டித்தான் குண்டு போட்டார்கள், கோயில்கள் பக்கம் சுட வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பாரிமுனை எழுதியது:

தெரியும் அண்ணே, எனக்கும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். தேதிகளை மட்டும் அடுக்கிப் பாருங்கள்.

எம்டன் 1914 ஜூலை கடைசியில் சீனாவில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கில் பாகன் தீவருகே அட்மிரல் ஷ்பேயின் அணியிலிருந்து பிரிந்து, தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. செண்பகராமன் அந்த மாதங்களில் இருந்தது ஸ்விட்சர்லாந்தில், சூரிச்சில். இந்தியாவுக்கு ஆதரவான சர்வதேசக் குழுவை அங்கே நடத்திக்கொண்டிருந்தார். பெர்லினுக்குப் போய் அங்குள்ள இந்தியக் குழுவோடு சேர்ந்தது அக்டோபரில். சூரிச்சில் இருப்பவர் எந்த வழியாகப் போய் நடுக்கடலில் எம்டனில் ஏறுவார்?

அவர் கப்பலின் டாக்டராக இருந்தார் என்றும் ஒரு வடிவம் உண்டு. எம்டனின் டாக்டர் பெயர் லூதர், ஜெர்மானியர். கப்பலிலிருந்து உயிர்பிழைத்த அதிகாரிகள் பிறகு நிறைய எழுதினார்கள். ஒரு இந்தியர் கூட இருந்து சென்னையைக் காட்டியிருந்தால் அதை மறைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை, ஜெர்மனி அதைத் தம்பட்டம் அடித்திருக்கும்.

இதனால் செண்பகராமன் குறைந்துபோகவில்லை. அவர் செய்தது வேறு வேலை, பெரிய வேலை.

குமரிக்காரன் எழுதியது:

பெர்லினில் இருந்து திட்டம் கொடுத்திருக்கலாமே? கம்பியில்லாத் தந்தி இருந்ததல்லவா. நீங்கள் சொல்வதை நான் முழுக்க ஏற்கவில்லை. ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுமில்லாமல் வருமா?

கடற்கணக்கு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எம்டன் அந்த வாரங்களில் வயர்லெஸ்ஸில் அதிகம் கேட்டதுதான் உண்டு, பேசியது குறைவு. பேசினால் பிடிபடும். பெர்லினோடு நேரடித் தொடர்பு என்பது அந்தக் காலத்துக் கருவிக்குப் பெரிய ஆசை. முல்லர் தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார், பிரித்து அனுப்பியபோது அவருக்குக் கொடுத்த சுதந்திரமே அதுதான்.

செண்பகராமனைப் பற்றி எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். 1934இல் பெர்லினில் இறந்தார். அஸ்தி 1966இல்தான் இந்தியா வந்தது, ஐஎன்எஸ் டெல்லி போர்க்கப்பலில். அந்த டெல்லி யார் தெரியுமா? இந்தியா வாங்குவதற்கு முன் அது நியூசிலாந்தின் அகிலீஸ். 1939இல் தென்னமெரிக்காவுக்கு அப்பால் ஜெர்மன் கப்பல் கிராஃப் ஷ்பேயோடு மோதிய மூன்றில் ஒன்று. கிராஃப் ஷ்பே என்று பெயர் வைத்தது எந்த ஷ்பேயின் நினைவாக? எம்டனைப் பிரித்து அனுப்பினாரே, அவரேதான். இதை யாராவது கதையில் எழுதினால் ‘ரொம்ப ஓவர்’ என்று சொல்லிவிடுவோம்.

கேள்விக்குறி எழுதியது:

சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். வருஷத்தில் எந்த நாளை எடுத்தாலும் பத்து சண்டை சிக்கும். 22ஐ எடுத்துவிட்டு அதில் பொருள் தேடுவது ஜாதகம் பார்க்கிற வேலை இல்லையா?

நாட்காட்டி எழுதியது:

தேதிக்கு மகிமை எதுவும் இல்லை என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் சார். தற்செயல்தான். தற்செயலாகக் கிடைத்ததால்தான் அது உதவுகிறது. நானே போர்களைத் தேர்ந்தெடுத்தால் எனக்குப் பிடித்த வாதத்துக்குப் பொருந்துவதையே எடுப்பேன். தேதி அப்படி வளைந்துகொடுக்காது, வந்ததை வைத்துத்தான் பேச வேண்டும்.

1943ஐப் பாருங்கள். அதே செப்டம்பர் 22. நார்வேயின் வட கோடியில் கோஃபியோர்ட் என்ற கடல்கழியில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் ஒளிந்து நிற்கிறது. 40,000 டன்னுக்கு மேல். அது வெளியே வந்து போரிடவே வேண்டாம், அங்கே நின்றாலே போதும், ரஷ்யாவுக்குப் போகும் சரக்குக் கப்பல்களுக்காகப் பிரிட்டன் பெரிய கப்பல்களைக் காவலுக்குக் கட்டிப்போட வேண்டியிருந்தது. அதை அடிக்க அனுப்பியது எக்ஸ்-கிராஃப்ட் என்ற குட்டி நீர்மூழ்கிகளை. நீளம் 51 அடி, ஆள் நாலு பேர், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு டன் வெடிமருந்து. கப்பலுக்கு அடியில் கடல் தரையில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

ஸ்காட்லாந்திலிருந்து ஆறு கிளம்பின, பெரிய நீர்மூழ்கிகள் இழுத்துக்கொண்டு போயின. ஒன்று இழுக்கும்போதே ஆளோடு போய்விட்டது. ஒன்றை வழியிலேயே மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. இன்னொன்றுக்கு இலக்கான ஷார்ன்ஹார்ஸ்ட் என்ற ஜெர்மன் கப்பல் பயிற்சிக்கு வெளியே போயிருந்தது. டிர்பிட்ஸை நோக்கிப் போன மூன்றில் எக்ஸ்-5 திரும்பவே இல்லை. எக்ஸ்-6இன் நிலைமை சிரிப்பா அழுகையா என்று தெரியாது: பெரிஸ்கோப்பில் தண்ணீர் புகுந்துவிட்டது, ஒரு பக்க வெடிமருந்துப் பெட்டியில் தண்ணீர் ஏறி வண்டி சாய்ந்தபடியே போகிறது. அதன் தலைவர் டொனால்ட் கேமரன். வலைக்குள் ஒரு படகு போவதற்காக வாசலைத் திறந்தபோது அதன் பின்னாலேயே நுழைந்துவிட்டார். பாறையில் முட்டி மேலே வந்ததைப் பார்த்த ஜெர்மன் காவலாள் முதலில் டால்பின் மாதிரி ஏதோ என்று நினைத்தான். பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைச் சுட அந்த மலைக்கப்பலின் பீரங்கிகள் கீழே இறங்காது. துப்பாக்கியும் கையெறி குண்டும்தான்.

கேமரன் வெடிமருந்தைக் கழற்றிவிட்டு, தன் குட்டிக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, தன் ஆட்கள் மூவரோடு சரணடைந்தார். அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது எங்கே? டிர்பிட்ஸ் மேல்தளத்தில். கீழே இருப்பது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்களாம், ஜெர்மன்காரர்களுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. காலை 8:12க்கு வெடித்தது. அதற்குள் காட்ஃப்ரி பிளேஸின் எக்ஸ்-7உம் தன் பங்கைப் போட்டுவிட்டு, வெளியேற வழி தெரியாமல் வலையில் மாட்டிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்களில் இருவர் இறந்தார்கள்.

டிர்பிட்ஸ் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. டர்பைன்கள் இருப்பிடம் நகர்ந்தன, 2,000 டன் பீரங்கி மேடை வளையத்தை விட்டு எழும்பிவிட்டது. கப்பலில் இறந்தது ஒரே ஒருவர். ஆனால் அடுத்த ஆண்டு மார்ச் வரை அது எதற்கும் ஆகாமல் அங்கேயே கிடந்தது. இறந்தவர் எண்ணிக்கையை வைத்து அடியின் பலத்தை அளக்க முடியாது என்பதற்கு எம்டனுக்குப் பிறகு இது இரண்டாவது சாட்சி.

முன்னாள் ஹவில்தார் எழுதியது:

கடல் கதையே போகிறது, தரைக்கு வாருங்கள். 1965 செப்டம்பர் 22, தோக்ராய்.

லாகூருக்குப் போகும் ஜிடி ரோட்டில் இச்சோகில் கால்வாயின் கிழக்குக் கரையில் உள்ள ஊர் அது. கால்வாயே லாகூரைக் காக்கப் பாகிஸ்தான் வெட்டியது. 3 ஜாட் பட்டாலியன், கமாண்டிங் ஆஃபீசர் டெஸ்மண்ட் ஹேட். செப்டம்பர் 6ஆம் தேதி, லாகூர் முனை திறந்த முதல் நாளே இவர்கள் அங்கே போய்ச் சேர்ந்து கால்வாயையும் தாண்டிவிட்டார்கள். பின்னாலிருந்து வர வேண்டிய ஆதரவு வரவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு சிப்பாய்க்கு அதைவிட வயிற்றெரிச்சல் வேறு கிடையாது. ஜெயித்த இடத்தை விட்டுவிட்டு வந்து, அந்த இடத்தை எதிரி பதுங்கு குழியும் கண்ணிவெடியும் போட்டுக் கெட்டிப்படுத்துவதை இரண்டு வாரம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

21ஆம் தேதி இரவு மறுபடி போனார்கள். உயிரோடோ பிணமாகவோ எல்லோரும் தோக்ராயில் சந்திக்கிறோம் என்று ஹேட் சொன்னதை ஜாட் ரெஜிமென்ட் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வீடு வீடாக, கைகலப்பு அளவுக்குச் சண்டை. 22 விடியும்போது ஊர் கையில். எதிர்ப் பக்கத்துப் பட்டாலியன் கமாண்டரே பிடிபட்டார். ஹேடுக்கு மகா வீர் சக்ரா.

நான் சேர்ந்தது அதற்கு ரொம்பப் பிறகு, சப்ளை பக்கம். ஆனாலும் பஞ்சாபில் போஸ்டிங் இருந்தபோது பழைய ஆட்கள் பேசியது இந்தச் சண்டையின் நேரத்தைப் பற்றித்தான். சீஸ்ஃபயர் வரப்போகிறது என்று மேலே எல்லோருக்கும் தெரியும். ஐநா பாதுகாப்பு சபையின் 211ஆம் தீர்மானம் 20ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு பேரும் 22ஆம் தேதி கிரீன்விச் நேரம் காலை 7 மணிக்குள் நிறுத்து என்று கெடு. பாகிஸ்தான் கடைசி நேரத்தில்தான் ஒப்புக்கொண்டது. கெடு இன்னும் தள்ளி, கடைசியில் நம் நேரப்படி 23ஆம் தேதி அதிகாலை 3:30க்குத்தான் துப்பாக்கி நின்றது. ஒரு நாளில் நிற்கப்போகிற போரில் ஒரு கிராமத்துக்காக அத்தனை உயிர். அடுத்த ஜனவரியில் தாஷ்கெண்டில் கையெழுத்துப் போட்டு அந்த ஊரைத் திருப்பியும் கொடுத்தாயிற்று.

இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சண்டை நிற்கும்போது எவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் பேச்சுவார்த்தை மேசையில் காசு.

கேள்விக்குறி எழுதியது:

ஹவில்தார் ஐயா, அப்படியானால் 1965 போர் முடிந்தது 22ஆ 23ஆ?

முன்னாள் ஹவில்தார் எழுதியது:

கிரீன்விச்சில் 22 இரவு 10 மணி. டெல்லியில் 23 அதிகாலை 3:30. லாகூரில் அதிகாலை 3. ஐநா காகிதத்தில் ஒரு தேதி, முனையில் நின்றவன் நினைவில் இன்னொரு தேதி. இரண்டும் சரி.

புதுமுகம் எழுதியது:

ஹைஃபாவில் மைசூர், ஜோத்பூர் குதிரைப்படை ஈட்டியோடு பாய்ந்ததையும் சேர்க்கலாமா?

கடற்கணக்கு எழுதியது:

அது 1918 செப்டம்பர் 23. ஒரு நாள் தள்ளி. தனி இழை போடுங்கள், வருகிறேன்.

பஸ்ரா சாலை எழுதியது:

முதல் அடி பற்றிப் பேசிக்கொண்டு 1980ஐ இன்னும் யாரும் தொடாதது ஆச்சரியம்.

1980 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, பிற்பகல். ஈராக்கின் 192 விமானங்கள் ஈரானின் பத்து விமானத் தளங்கள் மேல் பாய்ந்தன. டெஹ்ரானின் மெஹ்ராபாத், தப்ரீஸ், ஹமதான், தெஸ்ஃபுல், புஷெஹ்ர் எல்லாம் அதில் அடக்கம். எங்கே பார்த்துப் படித்த பாடம் என்று சொல்லவே வேண்டாம்: 1967 ஜூன் 5 காலை இஸ்ரேல் எகிப்தின் விமானங்களைத் தரையிலேயே முடித்தது. சதாம் அதைத் திரும்பச் செய்யப் பார்த்தார்.

இடையில் உலகமே அந்தப் பாடத்தைப் படித்துவிட்டது என்பதை மறந்துவிட்டார். எகிப்தின் விமானங்கள் திறந்தவெளியில் நின்றன. மன்னர் ஷா காலத்தில் ஈரான் தன் விமானங்களுக்குக் கான்கிரீட் கொட்டகைகள் கட்டிவைத்திருந்தது. ஈராக்கின் குண்டுகள் ஓடுதளத்தைப் போதுமான ஆழத்துக்குக் கிழிக்கவில்லை, கிழித்த பள்ளங்களையும் உடனே மூடிவிட்டார்கள். மறுநாள் 23ஆம் தேதி காலை ஈரானின் 140 விமானங்கள் ஈராக்குக்கு மேலே.

இதில் இன்னொரு கூத்து. அந்த ஆண்டு ஜூலையில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாக விமானப்படை ஆட்கள் நிறையப் பேரை ஈரான் உள்ளே தள்ளியிருந்தது. போர் வந்ததும் சிறையிலிருந்த விமானிகள் சிலரை வெளியே எடுத்து விமானத்தில் உட்கார வைத்தார்கள். அமெரிக்க விமானங்கள், அமெரிக்கா உதிரி பாகம் தருவதில்லை, விமானி நேற்று வரை கைதி. அதையும் மீறிப் பறந்தார்கள்.

சில வாரங்களில் முடிந்துவிடும் என்று தொடங்கிய போர் 1988 ஆகஸ்ட் 20 வரை இழுத்தது. எட்டு வருஷம். யு-9 செய்ததைவிட, எம்டன் செய்ததைவிட நூறு மடங்கு பெரிய முதல் அடி இது, கிடைத்தது நூறில் ஒரு பங்கு.

ஈரானில் இந்தத் தேதி அவர்கள் நாட்காட்டியில் ஷஹ்ரிவர் 31, வருஷம் 1359. மறுநாள் மெஹர் 1, பள்ளிக்கூடம் திறக்கிற நாள். புதுப் பை, புது நோட்டு வாங்கிவைத்திருந்த வீடுகளில் முதல் நாளே போர் வந்துவிட்டது. ஈராக்கைக் கேட்டால் போர் தொடங்கியது செப்டம்பர் 4 என்பார்கள், எல்லையில் ஈரான் குண்டு வீசிய நாளாம். யார் முதலில் அடித்தான் என்பதே தேதிச் சண்டைதான்.

வடமராட்சியான் எழுதியது:

பள்ளிக்கூடம் என்று வந்தபடியால் எழுதுகிறேன். இல்லையென்றால் பேசாமல் வாசித்துக்கொண்டு போயிருப்பேன்.

1995 செப்டம்பர் 22, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம், வடமராட்சி கிழக்கு, நாகர்கோவில் மகா வித்தியாலயம். உங்கட கன்னியாகுமரிப் பக்கத்து நாகர்கோவில் இல்லை. மதிய நேரம் இலங்கை விமானப்படையின் குண்டுவீச்சு. செத்ததில் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இருபதுக்கும் மேல். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பள்ளிக்கூடத்தில் நினைவுநாள் நடக்கிறது, பேர்களை வாசிப்பார்கள்.

இந்த இழையில் கேமரன், முல்லர், ஹேட் என்று அடித்தவர்களின்ர பேர் எல்லாம் இருக்கிறது. சென்னையில் செத்த ஐந்து பேரின்ர பேர் ஒன்றும் இல்லை. முதல் அடி, கிடைத்தது கிடைக்காதது என்று கணக்குப் பார்க்கிறது எனக்கும் விளங்குது. ஆனால் இந்த 22ஐ அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் போடுவியள்?

நாட்காட்டி எழுதியது:

போட மாட்டேன் அண்ணை. அதற்கு என் கணக்கில் பத்தி கிடையாது. இங்கே இருக்கட்டும், நீங்கள் எழுதியபடியே.

நெறியாளர் எழுதியது:

மேலுள்ள பதிவை ஒட்டி ஈழ அரசியல் பக்கம் போகும் பதில்கள் இரண்டை நகர்த்தியிருக்கிறேன். அதற்கு இழை இருக்கிறது. இங்கே தேதியோடு நில்லுங்கள்.

எல்லைக்கல் எழுதியது:

பஸ்ரா சாலை சொன்ன ‘தேதிச் சண்டை’க்கு இன்னும் இரண்டு.

1939 செப்டம்பர் 22, போலந்தின் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க். ஜெர்மன் படை பிடித்த ஊரைச் சோவியத் படையிடம் ஒப்படைக்கிறது. மேடையில் ஜெர்மன் தளபதி குடேரியனும் சோவியத் தளபதி கிரிவோஷெய்னும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அணிவகுப்பைப் பார்க்கிறார்கள், ஜெர்மன் கொடி இறங்குகிறது, செங்கொடி ஏறுகிறது. புகைப்படங்கள் இருக்கின்றன. 21 மாதம் கழித்து, 1941 ஜூன் 22 அதிகாலை, சோவியத் மேல் ஜெர்மனி பாய்ந்தபோது முதலில் அடி வாங்கிய இடங்களில் ஒன்று இதே ஊரின் கோட்டை. ஜூன் 22க்கு நினைவகம் எழுப்பினார்கள், செப்டம்பர் 22ஐப் பற்றிச் சோவியத் காலத்தில் மூச்சு விடவில்லை.

1944 செப்டம்பர் 22, எஸ்டோனியாவின் தாலின். ஜெர்மன்காரர்கள் காலி செய்துகொண்டிருந்த சில நாள் இடைவெளியில் ஓட்டோ டீஃப் தலைமையில் எஸ்டோனியர்கள் ஒரு அரசாங்கத்தை அறிவித்து, பிக் ஹெர்மன் கோபுரத்தில் தங்கள் நீலம்-கறுப்பு-வெள்ளைக் கொடியை ஏற்றினார்கள். 22ஆம் தேதி செஞ்சேனை நுழைந்தது, கொடி இறங்கியது. மாஸ்கோவுக்கு அது தாலின் விடுதலை நாள். 1947இல் அதே தேதியில் செஞ்சேனை நினைவாக வெண்கலச் சிப்பாய் சிலையைத் திறந்தார்கள். இன்றைய எஸ்டோனியாவுக்கு அதே தேதி எதிர்ப்புப் போராட்ட நாள். 2007இல் அந்தச் சிலையை இடம் மாற்றியபோது தெருவில் கலவரமே வந்தது.

கேள்விக்குறி எழுதியது:

சரி, ஜாதகம் என்று சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்கிறேன். பாரிமுனை, அன்றைக்குச் சென்னையில் விளக்கை அணைத்திருந்தால் எம்டனால் ஒன்றும் செய்திருக்க முடியாதா?

பாரிமுனை எழுதியது:

கஷ்டப்பட்டிருப்பார்கள். கலங்கரை விளக்கம் எரிந்ததால் இடத்தைக் கணிக்க ஒரு நிலையான புள்ளி கிடைத்தது. அது இல்லாமல் ராத்திரியில் கரைக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிடுவது பெரும்பாடு. ஆனால் தேடு விளக்கு இருந்தது, டாங்குகள் கடற்கரை ஓரம். முழுக்கத் தப்பித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த நாளிலிருந்து சென்னை இருட்டடிப்பு பழகத் தொடங்கியது. எம்டன் அங்கே இல்லை. பாண்டிச்சேரிக்கு அப்பால் தெற்கே இறங்கி இலங்கையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. 25ஆம் தேதி கொழும்புக்கு வெளியே, ஊரின் தேடு விளக்குகள் கண்ணில் படுகிற தூரத்தில், சர்க்கரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்திலிருந்து கிளம்பிய டைமெரிக் என்ற கப்பலைப் பிடித்தார்கள். 27ஆம் தேதி புரெஸ்க் கிடைத்தது. பிரிட்டிஷ் கடற்படைக்காக வந்த முதல்தர வேல்ஸ் நிலக்கரி, முழுக் கப்பல். நவம்பர் 9 கோக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து எம்டனை முடிக்கும்வரை அதன் வயிற்றை நிரப்பியதில் பெரும்பங்கு பிடித்த கப்பல்களின் கரிதான்.